பொம்மைக்குப் பசிக்காது

போன தீபாவளிக்கு அக்கா மகளுக்குத் துணி எடுக்கப் போயிருந்தோம். காலேஜ் முதல் வருஷம். கடை வாசலில் நின்ற பொம்மை போட்டிருந்த அதே குர்த்திதான் வேண்டும் என்றாள். அளவு பார்த்து எடுத்துக்கொண்டு ட்ரயல் ரூமுக்குள் போனவள், பத்து நிமிஷம் கழித்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள். "பொம்மைக்கு நிக்கிற மாதிரி எனக்கு நிக்கல மாமா." பக்கத்தில் இருந்த விற்பனைப் பெண் உடனே ஆறுதல் சொன்னார். "கொஞ்சம் வெயிட்டக் குறைச்சீங்கன்னா சூப்பரா நிக்கும் மேடம்."

ஐம்பது கிலோகூட இல்லாத பெண்ணிடம் சொல்கிறார்!

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். பி.காம். படித்த காலத்திலிருந்தே யார் எந்தக் கணக்கைக் காட்டினாலும் பின்பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பேன். இந்தப் பொம்மைக்கும் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். முதுகில் துணியைக் கொத்தாகப் பிடித்து ஏழு கிளிப் போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே குண்டூசி வரிசை. அந்தக் குர்த்தி அந்தப் பொம்மைக்கே பொருந்தவில்லை. மருமகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். சிரித்தாள். ஆனால் அன்று ராத்திரி ஒரே ஒரு இட்லியோடு எழுந்துவிட்டாள் என்று அக்கா போனில் சொன்னாள். கிளிப்பை எல்லாம் கண்ணால் பார்த்த பிறகும்!

"ஒரு துணிக்கடை பொம்மை மேல இவ்ளோ கோபமா சார்?" என்று கேட்பீர்கள். பொம்மை என்ன செய்யும், பாவம். நிற்கச் சொன்னால் நிற்கும். அதை இப்படி நிற்க வைத்தவர்கள் மேல்தான் கோபம். அதற்கு முன் அது எங்கிருந்து கிளம்பி வந்தது என்று பார்த்துவிடலாம்.

போட்டோ கிடையாது, ஃபேஷன் பத்திரிகை அரிது. 17, 18-ஆம் நூற்றாண்டு பாரிஸ். அங்கே இந்த சீசனில் என்ன உடுத்துகிறார்கள் என்று லண்டன் சீமாட்டிக்கும் வியன்னா சீமாட்டிக்கும் எப்படித் தெரியும்? பொம்மை போகும். பாரிஸ் தையல்காரர்கள் ஒரு பொம்மைக்குப் புது மோஸ்தரில் அத்தனையும் தைத்துப் போட்டு, தலை அலங்காரம் உட்பட, பெட்டியில் வைத்து அனுப்பினார்கள். பாண்டோரா என்று பெயர். அரசவைக்கு உடுத்தும் உடை போட்டது பெரிய பாண்டோரா, வீட்டில் இருக்கும்போது உடுத்துவது சின்ன பாண்டோரா. இங்கிலாந்தும் பிரான்சும் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலத்தில்கூட இந்தப் பொம்மைகளுக்கு வழி விட்டார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ராணி மேரி அன்டாய்னெட்டுக்கு உடை தைத்த ரோஸ் பெர்த்தான் என்ற அம்மாளும் இப்படிப் பொம்மைகளை ஊர் ஊராக அனுப்பியவர்தான். வெனிஸ் நகரக் கடைத் தெருவில் 'பிரெஞ்சுப் பொம்மை' ஒன்றை வைப்பார்கள். ஊரே போய்ப் பார்க்கும்.

வியாபார பாஷையில் சொன்னால் அது ஒரு சாம்பிள். உள்ளூர் தையல்காரர் அதன் மடிப்பையும் மூட்டுத் தையலையும் பார்த்துக்கொள்வார். பிறகு டேப்பை எடுத்து சீமாட்டியின் உடம்பைத்தான் அளப்பார். சீமாட்டி குண்டாக இருந்தால் குண்டுக்குத் தைப்பார். "பொம்மை மாதிரி ஆகிவிட்டு வாருங்கள்" என்று ஒரு தையல்காரராவது சொல்லியிருப்பாரா? சொல்லியிருந்தால் அன்றைக்கே கடையைக் கட்டியிருக்க வேண்டியதுதான். (அந்தச் சீமாட்டிகளும் கார்செட் போட்டு இடுப்பை இறுக்கியவர்கள்தான், அதை நான் மறக்கவில்லை. ஆனால் அந்தப் பாவத்தைப் பொம்மை தலையில் கட்ட முடியாது.)

கதை திரும்புவது 19-ஆம் நூற்றாண்டின் நடுவில். சார்லஸ் ஃப்ரெடரிக் வொர்த் என்ற ஆங்கிலேயர் பாரிஸில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார். அதே கடையில் விற்பனைப் பெண்ணாக இருந்தவர் மரி வெர்னே. அவர் மேல் சால்வையையும் உடையையும் போட்டு வாடிக்கையாளர் முன் நடக்க வைத்தார் வொர்த். விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. கல்யாணமும் ஆனது. பின்னால் வொர்த் தனிக்கடை போட்டபோது இதற்கென்றே பெண்களை வேலைக்கு வைத்தார். அந்தப் பெண்களுக்கு என்ன பெயர் தெரியுமா? மானெக்கின். டச்சு மொழியில் 'சின்ன மனிதன்' என்ற சொல்லிலிருந்து வந்து, ஓவியர்களும் தையல்காரர்களும் வைத்திருக்கும் கட்டைப் பொம்மைக்குப் பெயரான சொல். அதை ரத்தமும் சதையுமாக நிற்கிற பெண்ணுக்கு வைத்தார்கள். அதுவரை மனுஷியைப் பார்த்துப் பொம்மை செய்தார்கள். இனி பொம்மையின் இடத்தில் மனுஷி நிற்க வேண்டும். பேசக்கூடாது. உட்காரக்கூடாது. துணி கசங்கும்.

அடுத்து ரெடிமேட் வந்தது. துணியை முதலில் வெட்டிவிட்டு, அதற்கேற்ற உடம்பைத் தேடும் வியாபாரம். தப்பு சொல்ல மாட்டேன். ரெடிமேட் இல்லையென்றால் நான் காலேஜ் போன காலத்தில் எனக்கு ஒரு நல்ல சட்டை கிடைத்திருக்காது. ஆனால் ரெடிமேடுக்கு ஒரு ஷோகேஸ் தேவைப்பட்டது, ஷோகேஸுக்கு ஒரு பொம்மை தேவைப்பட்டது. ஆரம்பத்தில் மெழுகுப் பொம்மைகள். கனம் தாங்காது, வெயில் பட்டால் முகம் உருகும். பிறகு பிளாஸ்டர், அப்புறம் ஃபைபர் கிளாஸ்.

பிளாஸ்டர் பொம்மை என்றால் சிந்தியாவைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1930-களில் நியூயார்க்கில் லெஸ்டர் காபா என்ற கலைஞர் செய்த பொம்மை. கனம் சுமார் 45 கிலோ. சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் நேர்மையாகச் செய்திருக்கிறார். முகத்தில் புள்ளிகள், இரண்டு பாதமும் ஒரே அளவு இல்லை. காபா அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு நைட் கிளப்புக்கும் ஆப்பராவுக்கும் போனார். நகைக்கடைகள் இரவல் நகை கொடுத்தன. 1937-ல் லைஃப் பத்திரிகை அவளைப் படம் பிடித்துப் போட்டது. சாக்ஸ் என்ற பெரிய கடை அவள் பெயரில் கடன் அட்டையே கொடுத்தது என்பார்கள். இந்த இடத்தில்தான் என் பி.காம். மூளை நின்றுவிட்டது. அந்த அமெரிக்காவில் கல்யாணமான பெண் தன் பெயரில் கடன் கேட்டுப் போனால் புருஷன் கையெழுத்தைக் கேட்கிற வழக்கம் இருந்தது. அப்படிப் பாகுபாடு காட்டக்கூடாது என்று சட்டம் வந்தது 1974-ல்! சம்பாதிக்கும் பெண்ணை நம்பாத கணக்குப் புத்தகம் பிளாஸ்டர் பெண்ணை நம்பியிருக்கிறது. காரணம் புரிகிறதா? அவள் எதையும் வாங்க மாட்டாள், எதையும் கேட்க மாட்டாள். கடைசியில் ஒரு அழகு நிலையத்தில் நாற்காலியிலிருந்து வழுக்கி விழுந்து உடைந்தாள்.

சரி, இந்தப் பொம்மைகளின் உடம்பு எப்போது இப்படி வற்றியது? நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள், பின்லாந்து ஆராய்ச்சியாளர்கள் இரண்டு பேர் அளந்தே பார்த்திருக்கிறார்கள். பழைய பொம்மைகளையும் புதிய பொம்மைகளையும் எடுத்து, இடுப்பு, தொடை, கை எல்லாவற்றுக்கும் டேப் பிடித்து, நிஜப் பெண்ணாக இருந்தால் உடம்பில் எவ்வளவு கொழுப்பு இருக்கும் என்று கணக்குப் போட்டார்கள். 1992 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. உலகப் போருக்கு முந்திய பொம்மைகள் ஏறக்குறைய சாதாரணப் பெண்களின் உடம்போடு இருந்தன. 1950-களுக்குப் பிறகு வந்த பொம்மைகள் இளைத்துக்கொண்டே போயின. இன்றைய பொம்மையின் உடம்பு ஒரு பெண்ணுக்கு இருந்தால் அவளுக்கு மாதவிடாயே வராமல் போகலாம் என்று முடித்தார்கள். 1966-ல் லண்டனில் அடெல் ரூட்ஸ்டைன் என்ற பெண்மணி, ட்விக்கி என்ற ஒல்லிக்குச்சி மாடலை அச்சாக வைத்துக் கடைப் பொம்மை செய்தார். ட்விக்கி அப்போது பதின்வயதுப் பெண். அந்த வயசுக்கு அவருக்கு வாய்த்த உடம்பு அது, அவரைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? ஆனால் நாற்பது வயசுக்காரி வாங்கப் போகிற கோட்டுக்கும் அதே உடம்பை நிறுத்தினால்?

"அதெல்லாம் பழங்கதை, இப்ப மாறிடுச்சு" என்பவர்களுக்காக இன்னொன்று. 2017-ல் இங்கிலாந்தில் இரண்டு நகரங்களின் கடைத் தெருக்களில் பொம்மைகளைக் கணக்கெடுத்தார்கள். பெண் பொம்மைகளில் எடை குறைந்த உடம்பு உள்ளவை 100 சதவிகிதம். ஆண் பொம்மைகளில் 8 சதவிகிதம். தொப்பையைத் தடவிக்கொண்டு ஆண்கள் நிம்மதியாகக் கடைக்குள் போகலாம்.

பொம்மையை வைத்து நேர்மையாகவும் வியாபாரம் செய்ய முடியும். செய்திருக்கிறார்கள், அதுவும் ரொம்பக் கெட்ட காலத்தில். 1944 ஆகஸ்டில் பாரிஸ் ஹிட்லர் பிடியிலிருந்து விடுபட்டது. துணி இல்லை, கரி இல்லை, தோல் இல்லை. தையல் தொழில் செத்துவிட்டதா இருக்கிறதா என்று உலகத்துக்குத் தெரியாது. போரில் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிதியும் வேண்டும். முழு உடை தைக்கத் துணி கிடையாது. என்ன செய்தார்கள்? மனித உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குப் பொம்மை செய்தார்கள். எலியான் பொனாபெல் என்ற இளம்பெண் வரைந்து கொடுத்த வடிவம். உடம்பு முழுக்க வெறும் கம்பி. தலை மட்டும் பிளாஸ்டர். நினா ரிச்சியின் மகன் ரொபேர் ரிச்சி ஒருங்கிணைத்தார், ழான் காக்தோ போன்றவர்கள் மேடை அமைத்தார்கள். பாரிஸின் பெரிய தையல் நிறுவனங்கள் எல்லாம் அந்தக் குட்டி உடம்புக்கு நிஜ உடை தைத்தன. பட்டன் நிஜமாகப் போடலாம், அவிழ்க்கலாம். குட்டிக் கைப்பை, குட்டிச் செருப்பு. 1945 மார்ச்சில், போர் முடியாத நேரத்தில், லூவ்ர் மாளிகையின் ஒரு பகுதியில் கண்காட்சி திறந்தது. பாரிஸில் மட்டும் ஒரு லட்சம் பேர் பார்த்தார்கள். பிறகு லண்டன், ஸ்டாக்ஹோம், வியன்னா, நியூயார்க் எல்லாம் போய், கடைசியில் சான்பிரான்சிஸ்கோவில் ஒரு கடையில் அனாதையாக நின்றுபோய், 1952-ல் வாஷிங்டன் மாநிலத்தில் மேரிஹில் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

அந்தப் போட்டோக்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கம்பிதான் கண்ணில் படும். கைக்குப் பின்னால் இருக்கிற சுவர் தெரியும். உடம்பே இல்லை. பார்க்க வந்த பெண் தையலைப் பார்க்கலாம், மடிப்பைப் பார்க்கலாம். தன் இடுப்பை எதோடு ஒப்பிடுவாள்? ஒப்பிட ஒன்றுமே இல்லையே! வயிறு காய்ந்து கிடந்த பாரிஸ் பெண்களுக்கு முன்னால் அப்படி ஒரு பொம்மையை நிறுத்தியவர்களுக்குக் கும்பிடு போடலாம்.

அப்புறம் 1959-ல் நியூயார்க் பொம்மைக் கண்காட்சிக்குப் பார்பி வந்தாள், நீங்கள் எல்லோரும் அவளுக்காகத்தான் காத்திருந்திருப்பீர்கள். ரூத் ஹாண்ட்லர் சுவிட்சர்லாந்தில் பார்த்த லில்லி என்ற ஜெர்மன் பொம்மையை வைத்து உருவாக்கியது. லில்லி ஒரு பத்திரிகையின் கார்ட்டூன் நாயகி, பெரியவர்கள் வாங்கிய பொம்மை. அவள் உடம்புதான் மூன்று டாலர் விலையில் சின்னப் பெண்கள் கைக்கு வந்தது. பார்பி உடம்பு நிஜத்தில் எத்தனை பெண்களுக்கு அமையும் என்று 1996-ல் ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டார்கள். லட்சத்தில் ஒருத்திக்கும் குறைவு. அவள் ஜோடி கென் மாதிரி உடம்பு ஐம்பது ஆண்களில் ஒருவருக்கு அமையுமாம். ஏன் இந்தப் பாகுபாடு என்று யாராவது விளக்கினால் தேவலை.

மாட்டெல் நிறுவனத்திடமும் ஒரு பதில் உண்டு, அதையும் கேட்க வேண்டும். பொம்மையைச் சிறிதாக்கலாம், துணியைச் சிறிதாக்க முடியாது. நூலின் தடிமன் அதேதான். இடுப்பில் பாவாடை, சட்டை, பட்டை என்று நாலு மடிப்பு சேர்ந்தால் பொம்மை பீப்பாய் ஆகிவிடும். அதனால்தான் இடுப்பைக் குறைத்தோம். 2014-ல் அந்த நிறுவனத்தின் வடிவமைப்புத் தலைவர் பேட்டியிலேயே சொன்னார், பார்பியின் உடம்பு நிஜம் போல இருக்கச் செய்ததல்ல, குழந்தைகள் சுலபமாக உடை மாற்றச் செய்தது என்று. நியாயமான பதில். நான் ஏற்றுக்கொள்கிறேன்.

ஆனால் ஐயா, 1965-ல் ஒரு பார்பி விற்றீர்களே, தோழி வீட்டில் இரவு தங்கப் போகிற பார்பி. அவள் கூடவே ஒரு எடை மெஷின் கொடுத்தீர்கள், முள் 110 பவுண்டில் நிற்கும். சுமார் 50 கிலோ. கூடவே 'எடையைக் குறைப்பது எப்படி' என்று ஒரு குட்டிப் புத்தகம். அதன் பின்னட்டையில் இருந்த அறிவுரை ஒன்றே ஒன்றுதான், சாப்பிடாதே. துணி தடிமன் குறையாததால் இடுப்பைக் குறைத்தீர்கள், சரி. எடை மெஷின் எந்தத் துணிக்காக? 'சாப்பிடாதே' எந்த மடிப்புக்காக?

2016-ல் பூசினாற்போல், உயரமாக, குள்ளமாக என்று மூன்று புது உடம்புகள் வந்தன. நல்லதுதான். சில வருஷமாகப் பார்பி விற்பனை சரிந்துகொண்டிருந்தது என்பதையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்கிறேன்.

பார்பியைப் பற்றி மேடையில் பேசியவர்களைவிட, ஒரு தையல்காரர் நன்றாகப் பேசினார். மார்ட்டின் மார்ஜெலா. 1994-ல் அவர் பொம்மை உடைகளை எடுத்து, எதையும் சரிசெய்யாமல், மனித அளவுக்கு அப்படியே பெரிதாக்கித் தைத்தார். 5.2 மடங்கு. பட்டன் தட்டு மாதிரி இருந்தது, ஜிப் ரயில் பாதை மாதிரி. காலர் எங்கோ போனது. பொம்மை உடையைப் போட்டால் மனுஷி எப்படி இருப்பாள் என்பதை ஒரு வார்த்தை பேசாமல் காட்டிவிட்டார். ஃபேஷன் உலகம் பொம்மையைத் தொட்டு உருப்படியாகச் செய்த காரியங்களில் ஒன்று.

மற்றவர்கள்? 1996 செப்டம்பரில் லண்டனில் அலெக்சாண்டர் மெக்வீன் 'பொம்மை' என்றே பெயர் வைத்து ஷோ நடத்தினார். ஹான்ஸ் பெல்மர் என்ற ஜெர்மன் கலைஞர் 1930-களில் மூட்டு மூட்டாகக் கழற்றிப் படமெடுத்த பொம்மைகள்தான் தூண்டுதல். பெல்மருக்கு ஒரு காரணம் இருந்தது, நாஜிகள் கொண்டாடிய குறைவற்ற உடம்புக்கு எதிர்ப்பு. மெக்வீன் என்ன செய்தார்? டெப்ரா ஷா என்ற கறுப்பின மாடலின் கைகளையும் கால்களையும் ஒரு இரும்புச் சட்டத்தில் பூட்டி நடக்க விட்டார். அடிமைச் சங்கிலி மாதிரி இருக்கிறதே என்று கேட்டார்கள். இல்லை, பொம்மையின் அசைவு என்றார். மெக்வீன் கையில் இருந்த தொழிலை நான் மதிக்கிறேன். ஆனால் மரப் பொம்மையின் மூட்டை மாட்டினால் அதற்கு வலிக்காது. அந்த வித்தியாசத்தை 'ஆர்ட்' என்ற சொல்லால் மூடக்கூடாது. 1999-ல் விக்டர், ரோல்ஃப் என்று இரண்டு டச்சுக்காரர்கள், மேகி ரைசர் என்ற மாடலைச் சுழலும் மேடையில் நிறுத்தி, உடை மேல் உடையாகத் தாங்களே மாட்டிவிட்டார்கள். கடைசியில் அந்தப் பெண் துணிக்குள் புதைந்து முகம் மட்டும் தெரிந்தது. இந்தத் தொழிலில் யார் நிற்கிறார்கள், யார் மாட்டுகிறார்கள் என்பதை இதற்கு மேல் வெளிப்படையாகச் சொல்ல முடியாது. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினால் அதற்கு நான் என்ன செய்ய?

2006-ல் உருகுவேயில் 22 வயது மாடல் ஒருத்தி மேடையில் நடந்துவிட்டு உள்ளே போய் மாரடைப்பில் இறந்தாள். அதே வருஷம் பிரேசிலில் இன்னொரு மாடல், 21 வயது, சாப்பிடாமல் இருந்தே செத்தாள். மாட்ரிட் ஃபேஷன் விழா பி.எம்.ஐ. 18-க்குக் கீழே இருப்பவர்களைத் தடுத்தது. இஸ்ரேல் சட்டம் போட்டது, 2017-ல் பிரான்ஸ் மருத்துவச் சான்றிதழ் கேட்டது. சட்டத்துக்கு மனுஷிகள் கட்டுப்பட்டார்கள். ஷோகேஸில் நிற்பவளுக்கு எந்த டாக்டர் சர்டிபிகேட் கொடுப்பார்?

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. அவர்களைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல். 2013-ல் மும்பை மாநகராட்சியில் தீர்மானம் போட்டார்கள், உள்ளாடை போட்ட பொம்மைகளைக் கடை வாசலில் வைக்கக்கூடாது, அவை ஆண்களைக் கெடுக்கின்றன என்று. 2022-ல் ஆப்கானிஸ்தானின் ஹெராத்தில் தாலிபன்கள் கடைப் பொம்மைகளின் தலையை வெட்டச் சொன்னார்கள். காபூல் கடைக்காரர்கள் கெஞ்சிக் கூத்தாடி, தலைக்குப் பிளாஸ்டிக் பையும் அலுமினியத் தாளும் சுற்றி வைத்தார்கள். பொம்மையைப் பார்த்துக் கெட்டுப்போகிறவன் எதைப் பார்த்தாலும் கெட்டுப்போவான். நான் பொம்மையை மூடச் சொல்லவில்லை. தலையை வெட்டச் சொல்லவில்லை. கொஞ்சம் சாப்பாடு போடச் சொல்கிறேன், அவ்வளவுதான். அப்படிப் போட்டாலும் சும்மா விடுகிறார்களா? 2019-ல் நைக்கி தன் லண்டன் கடையில் ஒரு பருமனான பொம்மையை விளையாட்டு உடையில் நிறுத்தியது. உடனே அங்கே ஒரு பெரிய பத்திரிகையில் ஒரு பத்தி, இது பெண்களைக் கெடுக்கும் என்று. குண்டானவர்கள் ஓட வேண்டுமாம், ஆனால் ஓடுவதற்கான உடையைப் போட்டு ஒரு பொம்மைகூட நிற்கக்கூடாதாம்!

இப்போது புதிதாக ஒன்று வந்திருக்கிறது. 2025 ஆகஸ்ட் மாத அமெரிக்க வோக் இதழில் கெஸ் நிறுவன விளம்பரத்தில் பொன்னிறக் கூந்தலோடு ஒரு அழகி. ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு, செயற்கை நுண்ணறிவில் உருவானது என்று. அப்படி ஒருத்தி பிறக்கவே இல்லை. மரி வெர்னே வந்து கட்டைப் பொம்மையின் வேலையை எடுத்துக்கொண்டார் அல்லவா? நூற்று எழுபது வருஷம் கழித்துப் பொம்மை வந்து வேலையைத் திருப்பிக் கேட்கிறது. முதலாளி கணக்கில் பார்த்தால் பிரமாதம். சம்பளம் இல்லை, மேக்கப் செலவு இல்லை, ஹோட்டல் பில் இல்லை, லஞ்ச் பிரேக் இல்லை. பிளாஸ்டர் பொம்மைக்காவது முதுகுப்பக்கம் என்று ஒன்று இருந்தது. போய்ப் பார்த்தால் கிளிப் தெரிந்தது. இவளுக்குப் பின்பக்கம் போக வழியே கிடையாது. என் மருமகளுக்கு நான் எதைக் காட்டுவேன்?

அந்தக் குர்த்தி ஒரு வாரம் பையிலேயே கிடந்தது. கடைசியில் நானே அவளையும் குர்த்தியையும் கூட்டிக்கொண்டு, நடைபாதையில் தையல் மெஷின் போட்டு ஆல்டரேஷன் செய்யும் பெரியவரிடம் போனேன். கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்தார். இவள் வயிற்றை எக்கிக்கொண்டு விறைப்பாக நின்றாள்.

"மூச்ச உள்ள இழுக்காத பாப்பா. வீட்ல நிக்கிற மாதிரி நில்லு. அப்பத்தான் அளவு சரியா வரும்."

இரண்டு பக்கமும் கொஞ்சம் பிரித்து, தோளில் அரை இஞ்ச் பிடித்துக் கொடுத்தார். ஐம்பது ரூபாய்.